அவனேதானா இவன்?

தவக்காலம் தொடங்கியதும் நம் இல்லங்களில் ஒரு மாற்றம் தென்படும். அடுப்பங்கரையில் இறைச்சியின் மணம் குறையும். வெள்ளிக்கிழமை மாலையானால் சிறுவர் முதல் முதியோர் வரை சிலுவைப்பாதைக்குக் கிளம்புவர். மணவிழாக்கள் தள்ளிப்போகும். சிலர் வெற்றிலையை விடுவர். சிலர் காப்பியை விடுவர். நம் தாய்மார்களுள் சிலர் தலையில் பூச்சூடுவதையும் விடுவர். நாவுக்கும் வயிற்றுக்கும் உடலுக்கும் நோன்பு என்று நம் முன்னோர் காத்துவந்த இவ்வொழுங்கு போற்றுதற்குரியது. ஆனால், இந்த 40 நாளில் நம் கண்ணுக்கு என்ன வேலை என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

தகாதவற்றைப் பாராதிருப்பதே கண்ணின் நோன்பு என்று ஞானோபதேச வகுப்பில் நமக்குக் கற்பித்தார்கள். அது உண்மையே. ஆயினும் பாராதிருத்தல் நோன்பின் ஒரு பாதிதான். பார்க்க வேண்டியவரைப் பார்த்தல் மறுபாதி. தவக்காலத் திருப்பலி வாசகங்களை வரிசையாகப் படித்து வருவோர்க்கு இது எளிதில் விளங்கும். திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளியன்று இறைவாக்கினர் இசையாஸ் பேசுகிறார். பசித்தவனோடு உணவைப் பகிர்வதும், நம் சொந்த இரத்தமான மனிதனுக்கு முகத்தை மறைத்துக்கொள்ளாதிருப்பதுமே இறைவன் விரும்பும் நோன்பு என்று இடித்துரைக்கிறார். முதல் வாரத் திங்களன்று இறுதித் தீர்வையின் காட்சி வாசிக்கப்படுகிறது. இரண்டாம் வார வியாழனன்று பணக்காரனும் இலாசரும் நம்முன் வருகின்றனர். மூவாண்டு வாசகச் சுற்றின் முதலாம் ஆண்டில், நான்காம் ஞாயிறன்று பிறவிக்குருடன் பார்வை பெறுகிறான். திருச்சபை இந்த நாள்களில் நம் கண்ணுக்குப் பாடம் நடத்துகிறாள் என்றே சொல்லலாம்.

அந்த நான்காம் ஞாயிற்று நற்செய்தியைச் சற்று ஊன்றிப் பார்ப்போம். நம் முன்னோர் அருளப்பர் என்று அன்போடு வழங்கிய புனித யோவான் எழுதிய நற்செய்தியின் 9ஆம் அதிகாரம் அது. மொத்தம் 41 வசனங்கள். அவற்றுள் குணமளித்த செயல் முதல் ஏழு வசனங்களிலேயே முடிந்துவிடுகிறது. எஞ்சியவை யாவும் அதற்குப்பின் எழுந்த வாக்குவாதமே. ஒரு மனிதன் பார்வை பெற்றதைக் கண்டு மகிழ ஓர் ஊரே திரண்டிருக்க வேண்டும். அதற்கு மாறாக அங்கே விசாரணை நடக்கிறது!

தொடக்கத்தில் யார் யாரைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். இயேசு பெருமான் வழியே போகையில் அந்த மனிதனைப் பார்க்கிறார். அவன் கூப்பிடவில்லை, கை நீட்டவும் இல்லை. அவராகவே பார்க்கிறார். உடன் வந்த சீடர்களும் அவனைப் பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் கண்டது ஒரு புதிரை! இவன் குருடனாகப் பிறந்தது யார் செய்த பாவத்தால், இவனுடையதா, பெற்றோருடையதா என்று ஆண்டவரிடம் வினவுகிறார்கள். அவன் காதுபட நின்றுகொண்டே அவனைப் பற்றி ஆராய்கிறார்கள். நம் ஊர்களிலும் இக்கேள்வி புதிதன்று. ஊனத்தோடு ஒரு குழந்தை பிறந்தால், இளம் வயதில் ஒருவர் இறந்தால், ஒரு குடும்பம் கடனில் மூழ்கினால், "என்ன பாவம் செய்தார்களோ!" என்று திண்ணையில் பேசுவோர் உண்டு. காரணம் தேடும் கண் துன்பப்படுகிறவரின் முகத்தைத் தாண்டி எங்கோ போய்விடுகிறது. ஆண்டவர் அந்த வினாவை ஒதுக்கிவிட்டுத் தரையில் குனிந்து சேறு உண்டாக்குகிறார்.

அவன் சிலோவாம் குளத்துக்குப் போய்க் கழுவிப் பார்வையோடு திரும்புகிறான். இனித்தான் நம் கட்டுரையின் உயிர்நிலை வருகிறது. முதலில் அவனை எதிர்கொள்பவர்கள் யார்? பரிசேயரோ குருக்களோ அல்லர். அக்கம்பக்கத்தார்! ஆம், அவனுடைய அயலார்தாம். இங்கே அமர்ந்து பிச்சையெடுத்தவன் இவன்தானே என்று அவர்கள் ஒருவரையொருவர் கேட்கிறார்கள். சிலர் ஆமென்கிறார்கள். சிலர் இல்லை, இவன் அவனைப் போன்ற வேறொருவன் என்கிறார்கள். இறுதியில் அவனே வாய் திறந்து, நான்தான் அவன் என்று சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று.

இது வியப்பாக இல்லையா? பிறந்த நாள் முதல் அந்தத் தெருவில் வாழ்ந்தவன் அவன். அவன் குரல் மாறவில்லை, உயரம் மாறவில்லை, மூக்கும் வாயும் மாறவில்லை. கண் இரண்டும் திறந்தன, அவ்வளவே. அதற்குள் அடுத்த வீட்டுக்காரர்களுக்கு அவனை அடையாளம் தெரியாமற் போயிற்று. ஏன்? அவர்கள் அத்தனை ஆண்டுகளாக அவனைப் பார்க்கவேயில்லை. குருட்டுத்தன்மையைப் பார்த்தார்கள், நீட்டிய கையைப் பார்த்தார்கள், உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்கள். ஒருவேளை நாள்தோறும் காசும் போட்டிருக்கலாம். முகத்தை மட்டும் பார்க்கவில்லை. எனவே குருடு நீங்கியதும் அவர்கள் அறிந்த ஆள் மறைந்துபோனான். அந்த அதிகாரத்தில் பரிசேயரின் குருட்டுத்தனத்தைப் பற்றி நாம் எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். அயலாரின் குருட்டுத்தனம் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பரிசேயரின் குறையைக் கேட்டு, அது நமக்கன்று என்று ஒதுங்கலாம். அயலாரின் குறையைக் கேட்டு அப்படி ஒதுங்க முடியுமா? நாம் எல்லாரும் யாரோ ஒருவருக்கு அயலார்தாமே!

பிறர் சிநேகம் என்று பழைய ஞானோபதேசம் சொல்லும் அன்பின் முதற்படி கொடுப்பதன்று, பார்ப்பது என்பதை எனக்குச் செயலில் காட்டியவர் ஒருவர் உண்டு. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் எங்கள் பங்கின் வின்சென்ட் தெ பவுல் சபையில் உறுப்பினனானேன். பாரிஸ் மாநகரில் 1833இல் 20 வயது மாணவராயிருந்த பிரெடரிக் ஓசானாம் தம் தோழர்களோடு தொடங்கிய சபை அது. ஏழைகளைத் தம்மிடம் வரச்சொல்லாமல், இருவர் இருவராக அவர்களுடைய வீட்டுக்கே சென்று சந்திப்பது அச்சபையின் தொடக்கக்கால வழக்கம். அந்த இளைஞர்களுக்கு ஏழைகளின் வாசற்படிகளைக் காட்டிக் கொடுத்தவர் ரோசாலி ரெந்து என்னும் பிறரன்புச் சகோதரி. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஓசானாமை 1997இலும் ரோசாலியை 2003இலும் முத்திப்பேறு பெற்றோர் வரிசையில் சேர்த்தார்.

எங்கள் சபைத் தலைவர் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர். இல்லச் சந்திப்புக்கு என்னையும் தம்மோடு அழைத்துச் செல்வார். ஒருநாள் ஊர்க்கோடியில் இருந்த ஒரு குடிசைக்குப் போனோம். கூடை முடைந்து பிழைத்த முதியவர் ஒருவர் அதில் தனியே வாழ்ந்தார். ஊரார் அவரைக் 'கூடைக்காரர்' என்றே அழைத்தனர். அரிசிப் பை என் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று நான் பார்த்துக் கொண்டிருக்கையில், தலைவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்துவிட்டார். "அண்ணாச்சி, உங்க ஞானஸ்நானப் பேரு என்ன?" என்று கேட்டார். முதியவர் சற்று நேரம் அவரையே பார்த்தார். பிறகு தம் பெயரைச் சொன்னார். "அப்படின்னா உங்க திருநாள் வர்ற மாசமில்லா! அன்னைக்குப் பூசைக்கு வாங்க, உங்க பேருக்கு ஒப்புக்கொடுக்கச் சொல்றேன்" என்றார் தலைவர். முதியவரின் உதடுகள் துடித்தன. "என் பொஞ்சாதி செத்தப்புறம் இந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை ஐயா" என்றார்.

திரும்பும் வழியில் தலைவர் எனக்கு ஒரே ஒரு பாடம் சொன்னார்: "தம்பி, அரிசியை யாரு வேணும்னாலும் கொடுக்கலாம். நாம போறது ஆளைப் பாக்க." தபால்காரராகப் பல்லாண்டு ஊரின் வாசல்தோறும் நின்றவர் அவர். முகவரிக்கும் முகத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர் நன்கறிந்திருந்தார் போலும்.

பார்ப்பது என்றால் என்ன என்பதை மற்றொரு நிகழ்ச்சியும் எனக்கு உணர்த்திற்று. 1984ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் எங்கள் பங்குப் பள்ளியில் ஒரு கண் மருத்துவ முகாம் நடந்தது. தமிழகத்தில் கண்சிகிச்சை முகாம்கள் பெருகிவந்த காலம் அது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியிருந்தார். கண்புரையை நீக்கினால் பார்வை திரும்பும் என்ற செய்தி சிற்றூர்களுக்கும் எட்டத் தொடங்கியிருந்தது. விழிக்குள் வில்லை பொருத்தும் முறை அப்போது நம் ஏழை எளியவர்க்குக் கைகூடவில்லை. புரையை நீக்கிச் சில நாள் மருத்துவமனையில் வைத்திருந்து, தடித்த மூக்குக்கண்ணாடி ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள்.

முகாமில் எழுத்துப் பலகையைப் பிடித்து நிற்கும் வேலை ஆசிரியர்களாகிய எங்களுக்கு. அன்று தேர்ந்தெடுக்கப்பட்டு நகரத்துக்குச் சென்றவர்களுள் எங்கள் தெருப் பாட்டி ஒருவரும் இருந்தார். மருமகளின் கையைப் பிடித்துத்தான் அவர் பல மாதங்களாகக் கோவிலுக்கு வந்துகொண்டிருந்தார். ஒரு வாரத்துக்குப்பின் அவர் பேருந்தில் வந்து இறங்கியபோது தெருவே கூடிற்று. தடித்த கண்ணாடிக்குள் கண் இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. பாட்டி கோவில் கோபுரத்தைப் பார்ப்பார், பேரப்பிள்ளைகளைப் பார்ப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். அவரோ வாசலில் நின்ற மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். கிட்டே போய்க் கன்னத்தைத் தொட்டார். "ஏம்மா, இப்படி எலும்பும் தோலுமாப் போயிட்ட? சாப்பிடுறியா இல்லியா?" என்றார்.

மருமகள் பதில் சொல்லவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பல வாரங்களாக மாலைதோறும் காய்ச்சலும் இருமலும் அவளை வாட்டியிருக்கின்றன. வீட்டில் கண்ணுள்ளவர்கள் ஐவர் இருந்தார்கள். அவள் அன்றாடம் சோறு பரிமாறினாள். அவர்கள் அன்றாடம் தட்டைப் பார்த்து உண்டார்கள். அடுத்த திங்களன்று அவளைக் கையைப் பிடித்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர் அந்த மாமியாரே! காசநோய் தொடக்க நிலையில் இருப்பதாக மருத்துவர் சொன்னார். மருந்து தொடர்ந்து உண்டு அவள் நலமடைந்தாள். மருமகள் கையைப் பிடித்து நடந்தவர் மருமகளைக் கைப்பிடித்து நடத்திய அந்தக் காட்சியை எங்கள் தெருவார் நெடுநாள் பேசிக்கொண்டார்கள்.

இல்லத்திற்குள்ளேயே பார்க்கப்படாத ஒருவர் இருக்கக்கூடும் என்பதற்கு விவிலியத்திலும் சான்று உண்டு. பிறவிக்குருடன் நற்செய்தி வாசிக்கப்படும் அதே ஞாயிறன்று, முதல் வாசகமாகத் தாவீது திருப்பொழிவு பெற்ற வரலாறு வருகிறது. சாமுவேல் பெத்லகேமுக்கு வருகிறார். ஈசாய் தம் புதல்வர் எழுவரை ஒருவர்பின் ஒருவராக அவர்முன் நிறுத்துகிறார். மூத்தவன் எலியாபின் தோற்றத்தையும் உயரத்தையும் கண்டு, இவனே தேர்ந்துகொள்ளப்பட்டவன் என்று இறைவாக்கினரே எண்ணிவிடுகிறார். மனிதர் பார்ப்பது முகத்தோற்றத்தை, தாம் பார்ப்பது உள்ளத்தை என்று ஆண்டவர் அவரைத் திருத்துகிறார். வேறு பிள்ளைகள் இல்லையா என்று சாமுவேல் கேட்டபிறகே, ஆடு மேய்க்கும் இளையவன் ஒருவன் உண்டு என்பது தந்தையின் நினைவுக்கு வருகிறது. பெற்ற தகப்பன் கணக்கில் விட்டுவிட்டவனை இறைவன் அரசனாக்கினார்! நம் வீட்டிலும் யாரேனும் 'ஆடு மேய்த்துக் கொண்டிருக்கலாம்'. படிப்பில் பின்தங்கிய பிள்ளையோ, மணமாகாமல் வயது கூடிப்போன சகோதரியோ, பின்கட்டு அறையில் கட்டிலோடு கிடக்கும் பெரியவரோ, பாத்திரம் துலக்கிவிட்டுப் பின்வாசல் வழியே போகும் வேலைக்கார அம்மாளோ, அவர் யாரென்று அந்தந்த வீட்டாருக்கே தெரியும்.

வாசலுக்கு வெளியே இருப்பவரைப் பற்றி இலாசர் உவமை பேசுகிறது. இயேசு பெருமான் சொன்ன உவமைகளுள் பெயர் சூட்டப்பட்ட ஏழை அவன் ஒருவனே. பணக்காரனுக்கோ பெயரில்லை. அவன் இலாசரை அடித்தான் என்றோ விரட்டினான் என்றோ நற்செய்தி கூறவில்லை. நாள்தோறும் விருந்துண்டான், வாசலைத் தாண்டிப் போய்வந்தான். இறந்தபின் வேதனைக்கிடையே கண்ணை உயர்த்தியபோது தொலைவில் இருந்த இலாசரை அவன் உடனே இனங்கண்டுகொண்டான். பெயரையும் சொன்னான். அப்படியானால் பெயர் முன்பே தெரியும்! தெரிந்த பெயரை உயிரோடிருந்த நாளில் ஒருமுறையேனும் அழைத்ததில்லை. அங்கேயும் தனக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஏவலாளாகவே அவனை நினைத்தான். இருவருக்கும் இடையே இருந்த பெரும் பிளவை ஆபிரகாம் சுட்டிக்காட்டினார். அப்பிளவு நரகத்தில் தோண்டப்பட்டதன்று. அவன் வீட்டு வாசலிலேயே நாள்தோறும் சிறிது சிறிதாகத் தோண்டப்பட்டது.

நம் தமிழகத் திருச்சபையில் தோண்டப்பட்ட பிளவுகளையும் இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒரே பலிப்பீடத்தில் உடைக்கப்பட்ட அப்பத்தை உண்டவர்கள் சாதியின் பெயரால் தனித்தனிப் பக்கம் அமர்ந்த வரலாறு நமக்கு உண்டு. இறந்தபின்னும் ஒன்றாக உறங்கக்கூடாதென்று கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் எழுப்பிய வரலாறும் உண்டு. 2003 நவம்பரில் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இதைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார். கிறிஸ்தவர்களின் உறவில் சாதிப் பாகுபாட்டின் சாயல் இருத்தலும் உண்மையான மனித ஒற்றுமைக்கு எதிர்ச்சாட்சியாகும் என்று அவர் எச்சரித்தார். கல்லில் கட்டிய சுவரை ஒரு நாளில் இடித்துவிடலாம். ஒருவரைப் பார்த்த உடனே 'இவர் எந்தத் தெரு?' என்று உள்ளுக்குள் கேட்கும் கண்ணை என்ன செய்வது? பெண் பார்க்கையிலும், பங்குப் பேரவைக்கு ஆள் தேர்கையிலும், திருவிழாவில் சப்பரம் சுமக்கையிலும் அந்தக் கண் விழித்துக்கொள்கிறது. பிறவிக்குருடனின் அயலார் பிச்சைப் பாத்திரத்தைக் கண்டு முகத்தைக் காணாததுபோல, தெருவின் பெயரைக் கண்டு மனிதரைக் காணாதிருக்கிறோம். தவக்காலம் முழுவதும் இறைச்சியைத் தொடாத நாவினால் பயனென்ன, அந்தக் கண் அப்படியே இருந்தால்?

பார்வை ஒரே நாளில் வந்துவிடாது என்பதையும் நற்செய்தி மறைக்கவில்லை. பெத்சாயிதாவில் ஆண்டவர் குணமாக்கிய குருடனை மாற்கு நமக்குக் காட்டுகிறார். ஆண்டவர் முதன்முறை கை வைத்தபோது அவனுக்கு மனிதர்கள் நடமாடும் மரங்களைப் போலவே தோன்றினார்கள். இரண்டாம் முறை கை வைத்தபிறகே எல்லாம் தெளிவாயிற்று. நம்முள் பலர் அந்த முதல்நிலையில் நிற்கிறோம் எனலாம். மனிதர்கள் நடமாடுவது தெரிகிறது. ஆனால் மரங்களாகத் தெரிகிறார்கள். பிறவிக்குருடனுக்கும் அகப்பார்வை படிப்படியாகவே வளர்ந்தது. முதலில் இயேசு என்னும் மனிதர் என்றான். பிறகு இறைவாக்கினர் என்றான். அதன்பின் இறைவனிடமிருந்து வந்தவர் என்று துணிந்து வாதாடினான். இறுதியில் ஆண்டவரே என்று பணிந்து வணங்கினான். இடையில் அவன் தனியனானான். பெற்றோர் அஞ்சி ஒதுங்கினர். தொழுகைக்கூடத்தார் வெளியே தள்ளினர். 8ஆம் வசனம் முதல் 34ஆம் வசனம் வரை இயேசு அக்காட்சியில் தோன்றவே இல்லை. அவன் துரத்தப்பட்ட செய்தியைக் கேட்டதும் தேடி வந்து கண்டுபிடிக்கிறார். முதலிலும் பார்த்தவர் அவரே. முடிவிலும் தேடி வந்தவர் அவரே. அயலார் செய்யத் தவறியதை ஆண்டவரே அயலாராக வந்து செய்தார்.

நம் தாய்மொழியில் 'கண்ணோட்டம்' என்றொரு சொல் உண்டு. இக்காலத்தில் அதைக் கருத்து, நோக்கு என்னும் பொருளில் வழங்குகிறோம். வள்ளுவர் காலத்தில் அதற்கு இரக்கம் என்று பொருள். திருக்குறளின் 58ஆம் அதிகாரத்துக்கு அதுவே தலைப்பு. இரக்கமில்லாத கண்ணை அவர் புண்ணாகவே கருதுகிறார். 18ஆம் நூற்றாண்டில் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த நம் வீரமாமுனிவர் இந்த அதிகாரத்தையும் கடந்தே சென்றிருப்பார். கண் ஓடிப்போய் ஒருவர்மேல் தங்குவதே இரக்கம் என்று எண்ணிய மொழி நம்முடையது. பார்வையும் அன்பும் வேறுவேறல்ல என்று அந்த ஒரு சொல்லிலேயே நம் முன்னோர் எழுதி வைத்துவிட்டார்கள்.

இறுதித் தீர்வையின் காட்சியில் ஒரு நுட்பம் உண்டு. ஆண்டவரே, உம்மை எப்போது கண்டோம் என்று இடப்பக்கத்தார் மட்டும் கேட்கவில்லை. வலப்பக்கத்தாரும் அதையே கேட்கிறார்கள். இரு சாராருமே ஏழையினிடம் கிறிஸ்துவைக் கண்டதில்லை! அப்படியானால் வேறுபாடு எங்கே? வலப்பக்கத்தார் பசித்தவனைப் பசித்தவனாகக் கண்டார்கள். நோயாளியை நோயாளியாகக் கண்டார்கள். அதுவே போதும் என்று ஆண்டவர் ஏற்றுக்கொண்டார். ஏழையின் முகத்தில் இயேசுவின் சாயல் தெரிய வேண்டும் என்று நாம் வருந்தித் தேட வேண்டியதில்லை. அவர் முகமே நமக்குத் தெரிந்தால் போதும். மீதியை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

ஆகையால், அன்புக் குடும்பத்தாரே, இத்தவக்காலத்தில் மற்ற நோன்புகளோடு கண்ணின் நோன்பையும் சேர்த்துக்கொள்வோம். அதற்குப் பெருஞ்செலவில்லை. நாம் நாள்தோறும் காண்கிற, ஆனால் பெயர் தெரியாத ஒருவரிடம் இந்த வாரமே பெயரைக் கேட்போம். கோவில் வாசலில் அமர்ந்திருப்பவரோ, குப்பை அள்ளும் அம்மாளோ, அடுக்குமாடியில் எதிர்க்கதவுக்குப் பின்னால் இருப்பவரோ யாராயினும் சரி. அவர் நம் சமயத்தவரா என்று பார்க்க வேண்டா. நல்ல சமாரியன் அதைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் தவக்கால உண்டியலில் காசு போடும்போது, யாரை நினைத்துப் போடுகிறாய் என்று பெற்றோர் கேட்கட்டும். இரவு உணவின்போது கைப்பேசிகளை அடுத்த அறையில் வைத்துவிட்டு, பரிமாறுகிறவரின் முகத்தை எல்லாரும் ஒருமுறை பார்ப்போம். அவர் உண்டாரா என்று கேட்போம். வெள்ளிதோறும் சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையில், அடிபட்ட அந்தத் திருமுகத்தை வெரோணிக்கம்மாள் துடைத்த இடத்தில் முழந்தாளிடுகிறோம். ஊரார் ஒரு குற்றவாளியைப் பார்த்துக்கொண்டிருக்கையில் ஒரு பெண் மட்டும் முகத்தைப் பார்த்தாள் என்பதே அந்நிலையின் பொருள்.

இந்த 40 நாளும் நம்மைக் கொண்டுபோய் விடுவது பாஸ்காத் திருவிழிப்பு இரவில். அன்று கோவில் விளக்குகள் யாவும் அணைக்கப்பட்டிருக்கும். நம் பக்கத்தில் நிற்பவர் யாரென்றே தெரியாது. பாஸ்காத் திரி உள்ளே வரும். அதிலிருந்து ஒருவர் ஏற்றி அடுத்தவர்க்குக் கொடுக்க, ஒளி வரிசை வரிசையாகப் பரவும். நம் மெழுகுதிரி பற்றிக்கொள்ளும் அக்கணத்தில் நம் கண்ணுக்கு முதலில் தெரிவது எது? பீடமன்று, சுரூபமன்று. நமக்கு ஒளி தந்தவரின் முகமே முதலில் தெரியும். அவர் எந்தத் தெரு, என்ன தொழில், யார் வீட்டார் என்றெல்லாம் அந்தச் சிறிய சுடர் நமக்குக் காட்டுவதில்லை. முகத்தை மட்டுமே காட்டுகிறது. அந்த முகத்தைக் கண்டு, 'இவர்தாமா அவர்?' என்று மலைத்து நிற்காமல், 'ஆம், இவரை நான் அறிவேன்' என்று சொல்லும் கண்ணை ஆண்டவர் இத்தவக்காலத்தில் நம் எல்லார்க்கும் தந்தருள்வாராக!